இளமையின் இசையும் நினைவேக்கத்தின் அறமும்

மனிதர் தம் இளமைக்காலத்து இசைக்கு ஏங்குவது புதுமையன்று. எந்தச் சமுதாயத்திலும், நடுவயதைத் தாண்டியோர் தாம் பதினெட்டு வயதிற் கேட்ட பாட்டே பாட்டென்றும் பின்வந்தவையெல்லாம் வெறுங் கூச்சலென்றும் கூறக் கேட்கிறோம். வயதின் பலவீனமென்று இதனைப் புன்னகையோடு ஒதுக்கிவிடுவதே வழக்கம். ஆனால் அந்த இசை, உள்ளதை ஏற்க மறுத்தோரின் குரலாய்ப் பிறந்திருக்குமாயின், அதன்பாற் கொள்ளும் ஏக்கமும் அத்துணை எளிதில் ஒதுக்கத்தக்கதாகுமா? அதிருப்தியைப் பாடிய பாட்டினைத் திருப்தியோடு சாய்ந்திருந்து நினைவுகூர்தல் நேர்மையாகுமா? இவ்வினாவையே இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்கிறோம்.

இதற்கு உதாரணமாக நாம் கொள்வது, 1990களில் ஐக்கிய அமெரிக்காவில் 'மாற்று ரொக்' எனவும் 'கிரஞ்ச்' எனவும் பெயர்பெற்ற இசையையும், அதன் அடிச்சுவட்டில் எழுந்து 'கிரஞ்சுக்குப் பிந்தியது' என விமர்சகரால் வகைப்படுத்தப்பட்ட இசையையுமாகும். அன்று அவற்றைக் கேட்ட இளைஞர் இன்று நாற்பதையும் ஐம்பதையும் கடந்து, வீட்டுக் கடனும் வளர்ந்த பிள்ளைகளும் உடையவராயினர். அவர்தம் ஏக்கம் இன்று ஒரு பெரும் வியாபாரமாகவும் விளங்குகிறது. நம்மவர்க்கு இது முற்றிலும் அந்நியமான விடயமுமன்று. போர்க்காலத்திற் புலம்பெயர்ந்த நம் உறவினரின் பிள்ளைகள் பலர் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பள்ளிக்கூடம் சென்ற காலம் அது. அந்நகரங்களின் வானொலிகளில் ஒலித்த இவ்விசை அவர்தம் இளமையிலும் கலந்திருக்கிறது.

வியாபாரம் என்றோம். 2019ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் ஒரு பழைய மேற்சட்டை 334,000 டொலருக்கு ஏலத்தில் விலைபோயிற்று. 'நிர்வானா' இசைக்குழுவின் தலைவர் கேர்ட் கோபேன், 1993 நவம்பரில் நியூயோர்க்கில் நடந்த தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றில் அணிந்திருந்த சட்டை அது. பொத்தானொன்று அறுந்து, சிகரெட் தீயாற் பொத்தலாகி, துவைக்கப்படாமலே கிடந்தது. துவைக்கப்படாமையே அதன் மதிப்பை உயர்த்தியது போலும்! அதே நிகழ்ச்சியில் அவர் வாசித்த கிட்டார், 2020 ஜூன் மாதத்தில் 60 இலட்சம் டொலருக்கு மேல் விலைபோயிற்று. இந்த மனிதர் பாடிய பாட்டுக்களின் உள்ளுறை யாது, அவர் எவ்விடத்திலிருந்து வந்தார் என்பவற்றை அறிவோர்க்கு இந்த ஏல விலைகள் வெறுஞ் செய்திகளாக இரா.

அவர் 1967இல், வாஷிங்டன் மாநிலத்தின் பசிபிக் கரையோரத்திலுள்ள அபர்டீன் என்னும் சிற்றூரிற் பிறந்தவர். காடழித்து மரம் அரிந்து கப்பலேற்றி வாழ்ந்த தொழிலாளர் ஊர் அது. 1970களின் இறுதி தொடங்கி அங்கு மரத்தொழில் நலியலாயிற்று. ஆலைகள் ஒவ்வொன்றாய் மூடப்பட்டன. வேலையில்லாதார் தொகை பெருகிற்று. தந்தையர் செய்த தொழில் தனயர்க்கு இல்லையென்றான ஓர் ஊரில், பள்ளிக்கூடத்தை விட்டு வெளிவந்த இளைஞர் வீட்டுக் கொட்டில்களிற் கூடி, மலிவான கிட்டார்களில் ஓசை எழுப்பினர். அவர் அணிந்த கட்டம்போட்ட தடித்த சட்டையும் கிழிந்த காற்சட்டையும் நாகரிகத்தின் பாற்பட்டவை அல்ல. மரவெட்டிகளின் உடை அது, குளிருக்கு ஏற்றது, பழந்துணிக் கடையில் மலிவாய்க் கிடைப்பது.

சியாட்டில் நகரில் 1986இல் 'சப் பொப்' எனும் சிறிய இசைத்தட்டுக் கொம்பனி தோன்றிற்று. 1989இல் அது வெளியிட்ட நிர்வானாவின் முதல் நீள்தட்டைப் பதிவுசெய்ய ஆன செலவு வெறும் 606 டொலர் என்பது இன்று பழங்கதை போல் எடுத்துரைக்கப்படுகிறது. அந்த முதல் நிலையிலேயே இசை நின்றிருக்குமாயின் நமது வினாவே எழுந்திராது. இரண்டே ஆண்டுகளில் நிலைமை தலைகீழாயிற்று. 1991 செப்டெம்பரில் வெளிவந்த அவர்களது இரண்டாவது நீள்தட்டு, அடுத்த ஜனவரியில் மைக்கல் ஜக்சனின் தட்டினைக் கீழிறக்கி அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. அதனை வெளியிட்டது கெஃபன் கொம்பனியின் ஒரு கிளை; கெஃபனை எம்.சி.ஏ. விழுங்கியிருந்தது, எம்.சி.ஏ.யை ஜப்பானிய மின்பொருள் உற்பத்தி நிறுவனமான மற்சுஷிட்டா வாங்கியிருந்தது. மூடப்பட்ட ஆலைகளின் நிழலிற் பிறந்த கோபம், உலகின் மிகப்பெரும் ஆலை முதலாளிகளுள் ஒருவரின் சரக்காயிற்று! அக்குழுவின் மிகப் புகழ்பெற்ற பாட்டின் தலைப்பே, இளம் பெண்களுக்கென விற்கப்பட்ட வியர்வைநாற்றப் போக்கியொன்றின் வணிகப்பெயரிலிருந்து வந்தது. பாட்டை எழுதியவர்க்கே இது பின்னர்தான் தெரியவந்ததாம். சரக்குலகத்தின் எல்லைக்கு வெளியே நின்று பாடுவதாக எண்ணியவன் வாயிலும் சரக்கின் பெயர் வந்து அமர்ந்துகொண்டது.

இதற்குப்பின் நடந்தவை ஓரளவு நகைச்சுவையானவை. 1992 நவம்பரில் மார்க் ஜேக்கப்ஸ் என்ற உடையமைப்பாளர் மரவெட்டியின் கட்டச் சட்டையைப் பட்டுத் துணியில் அச்சிட்டு நாகரிக மேடையேற்றினார். அன்று பணக்கார வாடிக்கையாளர் முகஞ்சுளித்தனர், அவர் வேலையிழந்தார். ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 2018இல், அதே உடைகள் அவராலேயே மீண்டும் விற்பனைக்கு விடப்பட்டன. முன்னர் ஏளனத்துக்குள்ளான சரக்கு பின்னர் நினைவுச் சரக்காகிவிட்டது. அதே 1992 நவம்பரில் 'நியூயோர்க் ரைம்ஸ்' பத்திரிகை கிரஞ்ச் இளைஞரின் குழூஉக்குறிகள் இவையென ஒரு சொற்பட்டியலை வெளியிட்டது. முன்பு சப் பொப் கொம்பனியில் வரவேற்பாளராயிருந்த மேகன் ஜாஸ்பர் என்னும் பெண், தம்மைத் தொலைபேசியில் வினவிய நிருபரிடம் வாயில் வந்த சொற்களையெல்லாம் இட்டுக்கட்டிக் கூறியிருந்தார். மாபெரும் பத்திரிகை அதனை அப்படியே அச்சேற்றியது! 'பஃப்லர்' என்ற சிறு சஞ்சிகை அந்தப் புளுகை அம்பலப்படுத்தியது. ஒடுக்கப்பட்டோரின் மொழியைக்கூட வாங்கி விற்கலாமென நினைத்தவர்க்கு ஒரு வரவேற்பாளர் அளித்த பதிலாக இதனை நாம் கொள்கிறோம்.

கோபேன் 1994 ஏப்ரலில், 27ஆம் வயதில், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். நோயும் போதைப் பழக்கமும் அவரை வாட்டியிருந்தன. அவர் மரணத்தைத் தத்துவமாக்கிப் பேசுவோரை நாம் வெறுக்கிறோம். அத்தகைய பேச்சு இளம் உள்ளங்களுக்கு நஞ்சு. அது ஒரு துயரம், அவ்வளவே.

இனி, பிந்தி வந்த குழுக்களைப் பார்ப்போம். புஷ், கிறீட், நிக்கல்பாக் முதலிய பெயர்களைக் கேட்டதும் உயர்ந்த இரசனையாளர் நகைப்பர். முன்னோரின் தடித்த கிட்டார் ஓசையையும் கரகரத்த குரலையும் இரவல் வாங்கி, அவற்றின் முள்ளை மட்டும் ஒடித்துவிட்டவர்கள் இவர்கள் என்பது குற்றச்சாட்டு. குற்றச்சாட்டில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும், ஏன் அவ்வாறாயிற்று என்ற வினாவை இரசனையாளர் கேட்பதில்லை. அதற்கு விடை கலைஞனின் ஆன்மாவில் மட்டும் கிடையாது. சட்டப் புத்தகத்திலும் கிடக்கிறது. 1996 பெப்ரவரியில் ஜனாதிபதி கிளின்ரன் கையொப்பமிட்ட தொலைத்தொடர்புச் சட்டம், ஒரு கொம்பனி நாடு முழுவதும் இத்தனை வானொலி நிலையங்களையே வைத்திருக்கலாம் என்றிருந்த வரம்பை நீக்கிற்று. அதுவரை நாற்பதாயிருந்த உச்சவரம்பு போனபின், 'கிளியர் சனல்' என்ற ஒரே கொம்பனி சில ஆண்டுகளில் ஏறக்குறைய 1,200 நிலையங்களுக்கு உடைமையாளராயிற்று. ஊரூராய் இருந்த அறிவிப்பாளர் வேலையிழந்தனர். ஒரு நகரத்திலிருந்தபடி பல நகரங்களுக்கு ஒலிபரப்பும் முறை பரவிற்று. ஒரு பாட்டின் சில வினாடித் துண்டுகளைத் தொலைபேசியில் நேயர்க்குப் போட்டுக்காட்டி, எவரும் வெறுக்காத பாட்டெது என்று அளந்தறியும் வழக்கமும் வலுப்பெற்றது. 'எவரும் வெறுக்காத' என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். விளம்பரதாரர் வேண்டுவது நிலையத்தை மாற்றாத காதுகளை. வியக்கும் காதுகளை அல்ல. இந்தச் சல்லடையில் விழாமல் நின்ற ஓசையே கிரஞ்சுக்குப் பிந்திய இசை.

அதன் பாட்டுக்களிலும் துன்பம் உண்டு. தந்தையாற் கைவிடப்பட்ட மகன், உடைந்த காதல், குடியின் சீரழிவு, கடவுளிடம் முறையீடு ஆகிய யாவும் உண்டு. அத்துன்பம் பொய்யென்று நாம் கூறோம். ஆனால் அதற்குக் காரணம் இல்லை, ஊர் இல்லை, எதிரி இல்லை. காயம் மட்டுமே இருக்கிறது, காயப்படுத்திய கை காணவில்லை. இதுவே இவ்விசையின் பெருங்குறை என்பது எமது தீர்ப்பு. ஆயினும், கனடாவின் அல்பேட்டா மாநிலத்தில் ஹன்னா என்னும் சிற்றூரிலிருந்து எழுந்த நிக்கல்பாக்கைப் பெருநகரத்து இரசனையாளர் பழிக்கும்பொழுது, பழிப்பில் ஒரு பகுதி பாட்டின்மேலும் மறுபகுதி அப்பாட்டை லொறியில் வேலைக்குப் போகும்பொழுது கேட்கும் மனிதன்மேலும் விழுகிறதோ என நாம் ஐயுறுகிறோம். இரசனை என்பது பல வேளைகளில் வர்க்க அகங்காரம் அணியும் நல்ல சட்டை.

இங்கு நம் தோழர் சிலர் குறுக்கிடுவர். 'இவையெல்லாம் நசிவுக் கலாசாரத்தின் குப்பைகள். முதலாளித்துவம் இளைஞரின் கோபத்தையே பொதிசெய்து அவர்க்கே விற்றது. அதற்கு ஏங்குபவன் தான் ஏமாற்றப்பட்ட நாளுக்கே ஏங்குகிறான்' என்பது அவர் வாதம். வெகுசன இசை ஒரே அச்சில் வார்க்கப்பட்டுப் போலித் தனித்தன்மை பூசப்படுவது என 1941இலேயே அடோர்ணோ வாதிட்டதை அவர் துணைக்கழைப்பர். வானொலிச் சல்லடையைப் பற்றி நாம் மேலே கூறியது அடோர்ணோவின் கூற்றுக்குச் சான்றாகவும் அமையும். அவ்வளவில் அவரோடு நமக்குப் பிணக்கில்லை. ஆனால் சரக்கு என்பதாலேயே ஒரு பொருளின் பயன் முழுவதும் சரக்காகிவிடுமா? பாணும் சரக்குத்தான், அதனால் உண்பவன் பசி பொய்யாகிவிடுவதில்லை. ஆலை மூடிய ஊரில், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அப்பாட்டைக் கேட்ட ஒரு சிறுவன், இந்த வாழ்வை வெறுப்பவன் தான் ஒருவன் மட்டுமல்லன் என அறிந்தான். அந்த அறிவு விற்பனைக்கு வந்த வழியே வந்ததாயினும் அறிவுதான்.

மறுபுறத்தில் ஏங்குவோர் கூறுவதையும் கேட்போம். 'எமது காலத்து இசை உண்மையானது; இன்றையது பொய்' என்பர். உளவியலாளர் இதற்கு வேறு விளக்கம் தருகின்றனர். மனிதர் தம் வாழ்வை நினைவுகூரும்பொழுது, பத்து வயதுக்கும் முப்பதுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளே மிகுந்த செறிவோடு எழுகின்றனவாம். முதற் காதலும் முதற் சம்பளமும் முதற் பிரிவும் அக்காலத்தன அல்லவா? ரூசோ 1768இல் வெளியிட்ட இசை அகராதியில் இதனை முன்னரே தொட்டுக்காட்டியுள்ளார். அந்நிய நாட்டுப் படைகளிற் கூலிக்குப் போர்புரிந்த சுவிஸ் வீரர், தம் ஊர் இடையரின் மெட்டொன்றைக் கேட்டால் அழுதும் ஓடியும் சாகவும் துணிந்தமையால், அம்மெட்டு படைகளில் தடைசெய்யப்பட்டிருந்தது என அவர் எழுதுகிறார். அந்த மெட்டு இசையாக இயங்கவில்லை, நினைவின் குறியாகவே இயங்கிற்று என்பது அவர் கருத்து. மெட்டின் தரத்துக்கும் கண்ணீரின் அளவுக்கும் தொடர்பில்லை. எனவே ஒருவன் கிறீட் குழுவின் பாட்டைக் கேட்டுக் கண்கலங்கினால், அப்பாட்டு உயர்ந்தது என்பது அதனால் நிறுவப்படாது. அவன் கண்ணீர் போலியென்பதும் நிறுவப்படாது.

இவ்வளவில் நின்றுவிடின் ஏக்கம் வெறும் உடலியல்பாகிவிடும். அறத்துக்கு அங்கு வேலையில்லை. ஆனால் சுவிஸ் வீரனுக்கும் நாம் பேசும் நடுவயதினருக்கும் ஒரு வேறுபாடுண்டு. வீரன் ஏங்கிய மலை உண்மையிலேயே இருந்தது; விடுப்புக் கிடைத்தால் அவன் அங்கு போகலாம். கடந்துபோன ஆண்டுக்கு வண்டி கிடையாது. ஆகவே ஏங்குபவன் அதனை மனத்தில் தானே கட்டுகிறான். கட்டும்பொழுது எதனை எடுப்பது, எதனை விடுவது என்பதையும் அவனே தீர்மானிக்கிறான், அல்லது அவனுக்காக விற்பனையாளன் தீர்மானிக்க விட்டுவிடுகிறான். தெரிவு என்பது வந்தவுடனேயே அறமும் வந்துவிடுகிறது. வேல்ஸ் நாட்டு விமர்சகர் ரேமண்ட் வில்லியம்ஸ், கிராமமும் நகரமும் பற்றி 1973இல் வெளியிட்ட நூலில், ஒவ்வொரு தலைமுறையும் 'நேற்றுத்தான் நல்ல காலம் போயிற்று' எனக் கூறி வந்ததை நூற்றாண்டு நூற்றாண்டாகப் பின்னோக்கிச் சென்று காட்டினார். அந்த நல்ல காலங்களில் நிலமிழந்தோரும் கூலிக்காரரும் எங்கே என்பதே அவர் விடாது கேட்ட கேள்வி. அதே கேள்வியை நாமும் கேட்போம்.

1999ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். கிறீட் குழுவின் இரண்டாம் நீள்தட்டு வெளிவந்த ஆண்டு அது; அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் விற்பனையானதாகச் சான்று பெற்றது. பின்னர் பிரிந்தும் கூடியும் நெடுநாள் ஓய்ந்திருந்த அக்குழு, 2024 ஏப்ரலில் மயாமித் துறையிலிருந்து புறப்பட்ட ஓர் உல்லாசக் கப்பலில் மீண்டும் மேடையேறிற்று. அப்பயணத்துக்கும் அதன்பின் நாடெங்கும் நடந்த இசைப்பயணத்துக்கும் இட்ட பெயர் 'தொண்ணூற்றொன்பதின் கோடை' என்பதாகும். நடுவயதினர் ஆயிரக்கணக்கிற் கூடினர். பாட்டு ஒவ்வொன்றையும் மனப்பாடமாய் உடன்பாடினர். அவர் மகிழ்ச்சியை நாம் குறைகூறவில்லை.

ஆனால் தொண்ணூற்றொன்பதின் கோடையில் வேறொன்றும் நடந்தது. அவ்வாண்டு ஜூலை இறுதியில், நியூயோர்க் மாநிலத்து ரோம் நகரருகே, கைவிடப்பட்ட ஒரு விமானப்படைத் தளத்தில், 'வூட்ஸ்டொக்' என்ற பழம்பெயரைச் சூடிக்கொண்டு மூன்றுநாள் இசைவிழா நடந்தது. அந்தப் பெயரே 1969க்கு ஏங்கியோரை நோக்கி வீசிய தூண்டில். புஷ்ஷும் கிறீட்டும் அங்கு பாடின. மரநிழலற்ற தார்த்தரையில், கொளுத்தும் வெயிலில் இரண்டு இலட்சம் பேர் அளவில் அடைபட்டிருந்தனர். ஒரு போத்தல் தண்ணீர் நான்கு டொலர். கழிப்பிடங்கள் நிரம்பி வழிந்தன. நெரிசலுக்குள்ளே பெண்கள் மானபங்கப்படுத்தப்பட்டனர். பாலியல் வன்முறை முறைப்பாடுகள் பல எழுந்தன. இறுதி இரவில், சமாதானத்துக்கென வழங்கப்பட்ட மெழுகுவர்த்திகளைக் கொண்டே தீ மூட்டினர், கடைகள் கொள்ளையிடப்பட்டன. இது அந்தக் கோடையல்லவா? கப்பலில் ஏறிய கோடை எது, கரையில் விடப்பட்ட கோடை எது?

தாம் நேரிற் செல்லாத ஒரு விழாவின் இழிவுக்குக் கேட்டோர் எல்லாரும் எவ்வாறு பொறுப்பாவர் என்று கேட்கலாம். பொறுப்பாகார். குற்றத்துக்குப் பொறுப்பாதல் வேறு, நினைவுக்குப் பொறுப்பாதல் வேறு. அக்காலத்தைப் 'பொற்காலம்' என்று பிள்ளைகளிடம் கூறுகின்றவன், அந்த நெரிசலிற் சிக்கிய பெண்ணை அக்காலத்திலிருந்து வெளியேற்றிவிட்டே அவ்வாறு கூறமுடிகிறது. அவள் இன்றும் வாழ்கிறாள். அவளுக்கும் அது இளமைதான். இந்த அநீதி சிறிதென்று நாம் கருதவில்லை.

இத்தனைக்கும், அவ்விசையின் தொடக்கத்திலேயே இதற்கு எதிரான குரல் இருந்தது. 1992இல் வந்த தொகுப்புத் தட்டொன்றின் உறையில், நிறம் காரணமாகவோ பால் காரணமாகவோ பிறரை வெறுப்போர் எம் தட்டுக்களை வாங்கவேண்டாம் என்ற பொருளில் கோபேன் எழுதியிருந்தார். விற்பனையாளன் ஒருவன் 'எனது சரக்கை நீ வாங்காதே' எனக் கூறுவது கடைத்தெரு காணாத அதிசயம்! சியாட்டிலில் 'த கிற்ஸ்' குழுவின் பாடகி மியா சபாட்டா, 1993 ஜூலையில், இரவில் வீடு திரும்பும் வழியில் கொலையுண்டார். அவருக்கு 27 வயது. நகரத்து இசைஞர் பணந்திரட்டித் துப்பறிவோரை அமர்த்தினர். அவர் தோழியர் 'ஹோம் அலைவ்' என்ற அமைப்பை நிறுவிப் பெண்களுக்குத் தற்காப்புப் பயிற்சி அளித்தனர். கொலைகாரன் மரபணுச் சான்றினால் 2003இற்றான் பிடிபட்டான். 27 வயதில் மாண்ட கோபேனின் முகம் இன்று சட்டைகளில் உலகெங்கும் அச்சாகிறது. அதே நகரத்து இசையுலகில், அதே வயதில் மாண்ட இப்பெண்ணின் பெயரை ஏங்குவோரில் எத்தனை பேர் அறிவர்?

ஆக, நினைவேக்கம் பழமையை அதிகமாக நேசிப்பதனாற் குற்றப்படுகிறது என்பது பிழை. போதியளவு நேசிக்காமையே அதன் குற்றம். தனக்கு இதமான துண்டை மட்டும் அறுத்தெடுத்துக்கொண்டு, அக்காலத்து மனிதரையும் அவர்தம் மறுப்பையும் அது கைவிட்டுவிடுகிறது.

இதனோடு இணைந்த இன்னோர் அநீதியும் உண்டு. அது இன்றைய இளைஞர்க்கு இழைக்கப்படுவது. 1990களில் இவ்விசையைக் கேட்ட தலைமுறையை அன்றைய முதியோர் சோம்பேறிகள், இலட்சியமற்றோர், முணுமுணுப்போர் என்று ஏசினர். அவ்வாறு ஏசப்பட்டவரே இன்று தம் பிள்ளைகளின் காதொலிக் கருவியைப் பார்த்து அதே சொற்களைக் கூறுகின்றனர். பிள்ளை கேட்கும் இசை தரங்குறைந்ததாகவும் இருக்கலாம். நாம் அதற்கு வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அவனது அதிருப்திக்குக் காரணம் யாதென ஒருகணம் வினவாதவன், தன் பதினெட்டு வயது அதிருப்தியைப் பெருமையோடு நினைவுகூர என்ன உரிமை பெற்றான்? வீட்டு வாடகையும் கல்விக் கடனும் நிலையற்ற வேலையும் இன்றைய அமெரிக்க இளைஞனை அழுத்துகின்றன. அபர்டீன் ஊரின் மூடிய ஆலை இன்று வேறு உருவத்தில் வேறு ஊர்களில் நிற்கிறது.

நுழைவுச் சீட்டு விடயத்தையும் சொல்லாமல் விடுதல் தகாது. சியாட்டிலின் மற்றொரு பெருங்குழுவான 'பேர்ல் ஜாம்', ஏழை இரசிகரும் வரத்தக்கதாகச் சீட்டின் விலை இருபது டொலருக்கு மேற்படலாகாது என முயன்றது. சீட்டு விற்பனையைத் தன் பிடியில் வைத்திருந்த 'டிக்கெட்மாஸ்டர்' கொம்பனியின் மேற்கட்டணம் அதற்கு இடந்தரவில்லை. 1994 மே மாதத்தில் குழுவினர் அக்கொம்பனி ஏகபோகம் செய்கிறதென அமெரிக்க நீதித் திணைக்களத்தில் முறையிட்டனர். ஜூன் 30ஆந் திகதி அவருள் இருவர், ஸ்டோன் கொசார்ட்டும் ஜெஃப் அமெண்டும், கொங்கிரஸின் உபகுழு முன் சாட்சியம் அளித்தனர். அவ்வாண்டுக் கோடைப் பயணத்தையே கைவிட்டனர். 1995 ஜூலையில் திணைக்களம் விசாரணையை மூடிற்று. 1998இல் அக்குழுவும் வேறு வழியின்றி அதே கொம்பனியின் சீட்டுக்களோடு மேடையேறிற்று. 2010இல் அக்கொம்பனி, இசைவிழாக்களை நடத்தும் 'லைவ் நேஷன்' நிறுவனத்தோடு இணைந்து முன்னிலும் பெருத்தது. 2024 மே மாதத்தில்தான் அதே நீதித் திணைக்களம் அதே ஏகபோகக் குற்றச்சாட்டோடு வழக்குத் தொடுத்தது. முப்பது ஆண்டுகள்! அன்று தம் குழுவின் போராட்டத்தைக் கைதட்டி வரவேற்ற இளைஞர், இன்று நடுவயதில், அன்றைய விலையின் பன்மடங்கைக் கொடுத்து, அதே கொம்பனியிடம், அதே குழுவின் சீட்டை வாங்குகின்றனர். நினைவேக்கத்தின் வரவு எவர் கணக்கிற் சேர்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. சீட்டை வாங்கியவனை நாம் பழிக்கவில்லை. பாட வந்தவரே தோற்ற இடத்தில் கேட்க வந்தவன் தனியே என் செய்வான்? அவர் எதற்காகப் பயணத்தைக் கைவிட்டனர் என்பதை, பக்கத்தில் நிற்கும் தன் மகளுக்கு அவன் சொல்லலாம். அவள் கையிலும் விலைகொடுத்து வாங்கிய சீட்டு இருக்கிறது.

1999இன் கோடையைப் பற்றிச் சொன்னோம்; அவ்வாண்டின் குளிர்காலத்தையும் சொல்லவேண்டும். நவம்பர் 30ஆந் திகதி சியாட்டில் நகரில் உலக வர்த்தக அமைப்பின் மாநாடு தொடங்கவிருந்தது. பல்லாயிரம் மக்கள் தெருக்களை அடைத்தனர். உருக்குத் தொழிலாளரும் மாணவரும் விவசாயிகளும் சூழல் காப்போரும் ஒருங்கே நின்றனர். துறைமுகத் தொழிலாளர் அன்று மேற்குக் கரைத் துறைமுகங்களில் வேலையை நிறுத்தினர். பொலிஸார் கண்ணீர்ப்புகை வீசினர். நகர முதல்வர் அவசரகால நிலையைப் பிரகடனஞ் செய்து ஊரடங்குச் சட்டம் விதித்தார். அவ்விரவு நடக்கவிருந்த ஓர் இசைநிகழ்ச்சி அதனால் தடைப்பட்டு மறுநாள், டிசெம்பர் 1ஆந் திகதி, 'ஷோபொக்ஸ்' அரங்கில் நடந்தேறிற்று. மேடையில் நின்றோருள், நிர்வானாவில் கோபேனுக்கு அருகே நின்று தாழ்சுருதிக் கிட்டார் வாசித்த, அபர்டீன் ஊரில் வளர்ந்த கிறிஸ்ட் நொவொசெலிக் ஒருவர். சவுண்ட்கார்டன் குழுவின் கிம் தயில் மற்றொருவர். கலிபோர்னியப் பாடகர் ஜெலோ பியாப்ரா பாடினார். வர்த்தக அமைப்பை மறுக்கும் பெயரையே அந்தக் குழுவுக்கு இட்டிருந்தனர். அந்த ஓரிரவுக்கெனக் கூடிய குழு அது. அன்று வாசித்தவை அடுத்த ஆண்டு ஒரு தட்டாக வெளிவந்தன. பெரிய வானொலிகளில் அதற்கு இடமிருக்கவில்லை. எனினும் தட்டு இருக்கிறது, தேடுவோர்க்குக் கிடைக்கும்.